தேர்வு பாதி, மாதக் கணக்கு பாதி: அமெரிக்க டி.ஓ. உரிமம் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் ஆஸ்டியோபதி மருத்துவம், அதாவது டி.ஓ., படிப்பவர்களிடமிருந்தும் அவர்களுடைய வீட்டாரிடமிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒரே இடத்தில் எடுத்துக்கொள்கிறோம். அங்கே மருத்துவர் உரிமம் தருவது மத்திய அரசு இல்லை, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது. அதனால் ஒரு மாநிலத்தின் பெயரைச் சொல்லி எழுதியிருக்கும் விதியை அந்த மாநிலத்தோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: என் மகள் மிசௌரியில் டி.ஓ. கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். "எலும்பு நீவுகிற வைத்தியமா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அவளுக்கு முழு டாக்டர் உரிமம் கிடைக்குமா? அதற்கு என்னென்ன தேர்வு, எத்தனை வருட அனுபவம் வேண்டும்?
(ஒரு தாய், கோயம்புத்தூர்)

ப: கிடைக்கும். 50 மாநிலங்களிலும் எம்.டி. (அங்கே வழக்கமான மருத்துவப் பட்டம்) மருத்துவருக்கு உள்ள அத்தனை உரிமையும் டி.ஓ.வுக்கும் உண்டு. மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், எந்தச் சிறப்புத் துறைக்கும் போகலாம். உறவினர்களின் சந்தேகத்துக்கு வரலாறு ஒரு காரணம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-ல் முதல் ஆஸ்டியோபதி கல்லூரியைத் தொடங்கியது உங்கள் மகள் படிக்கும் அதே மிசௌரியில், கெர்க்ஸ்வில் என்ற ஊரில். சட்டப்படி முதலில் உரிமம் தந்தது வெர்மான்ட், 1896-ல். மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர, கடைசி மாநிலமான மிசிசிப்பி முழு உரிமை தந்தபோது 1973 ஆகிவிட்டது. நடுவில் கலிஃபோர்னியா 1962-ல் டி.ஓ. உரிமம் வழங்குவதையே நிறுத்தி, இருந்த டி.ஓ.க்களை 65 டாலர் கட்டணத்தில் எம்.டி. ஆக்கிக்கொண்ட கூத்தும் நடந்தது. 1974-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பழைய நிலை திரும்பியது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்பவர் கைச் சிகிச்சை நிபுணர், மருத்துவர் அல்ல. அமெரிக்க டி.ஓ. முழு மருத்துவர். பெயர் ஒற்றுமைதான் குழப்பம்.

வரிசை இப்படிப் போகும். கல்லூரி நான்கு ஆண்டு. அது ஆஸ்டியோபதிக் கல்லூரி அங்கீகார ஆணையமான கோகாவின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். டி.ஓ.க்களுக்கான உரிமத் தேர்வான காம்லெக்ஸில் மூன்று நிலைகள். முதல் நிலை பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடிவில், இரண்டாம் நிலை மூன்றாம் ஆண்டு முடிவிலோ நான்காம் ஆண்டிலோ. இந்த இரண்டும் தேறாமல் பட்டம் கிடையாது. பட்டத்துக்குப் பிறகு ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் மேற்பார்வையோடு பெறும் பயிற்சி; அதற்குள் மூன்றாம் நிலை. மாநிலம் கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சி மாதங்கள் முடிந்ததும் முழு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். "எத்தனை வருட அனுபவம்" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. கீழே அதை விரிவாக எழுதியிருக்கிறோம்.

கே: காம்லெக்ஸ் முதல் நிலையில் ஒரு முறை தவறிவிட்டேன். எத்தனை முறை எழுதலாம்? இது பிற்பாடு உரிமத்தைப் பாதிக்குமா?
(மாணவர், பெயர் வேண்டாம் என்றார்)

ப: தேர்வை நடத்தும் தேசிய ஆஸ்டியோபதி தேர்வு வாரியமான என்.பி.ஓ.எம்.இ. 2022 ஜூலை 1 முதல் ஒரு நிலைக்கு நான்கு முயற்சி என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் உங்களைக் கட்டிப்போடப் போவது அந்த நான்கு இல்லை. மாநிலங்களின் வரம்பு அதைவிட இறுக்கமாக இருக்கலாம். டெக்சாஸ் சட்டம் தேர்வின் ஒவ்வொரு பகுதியையும் மூன்று முயற்சிக்குள் தேறியிருக்கக் கேட்கிறது. பல மாநிலங்களில் ஒரே விண்ணப்பத்தில் உரிமம் வாங்க உதவும் கூட்டு ஒப்பந்தமும் மூன்றைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே உங்களுக்கு நடைமுறையில் மிச்சம் இரண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2022 மே 10 முதல் முதல் நிலைக்கு மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே. பலர் இதைச் சலுகை என்று நினைத்தார்கள். அப்படி இல்லை. முன்பு முதல் நிலை மதிப்பெண்ணில் தெரிந்த திறமையை இப்போது ரெசிடென்சி தேர்வுக் குழுக்கள் இரண்டாம் நிலையில் தேடுகின்றன. இரண்டாம் நிலைக்கு 400, மூன்றாம் நிலைக்கு 350 தேர்ச்சி மதிப்பெண். தவறிய முயற்சியும் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது தேர்வு வாரியம் தரும் மதிப்பெண் பதிவில் நிற்கும், அதை அழிக்க வழியில்லை. ஆனால் ஒரு தோல்வி மட்டும் இருப்பதால் வாரியங்கள் பொதுவாக உரிமம் மறுப்பதில்லை.

தவறியதற்கான காரணத்தை முதலில் கண்டுபிடியுங்கள். தேர்வு அறிக்கையில் எந்தப் பகுதி பலவீனம் என்று இருக்கும். அடிக்கடி நடப்பது இது: எம்.டி. மாணவர்களுக்கான கேள்வி வங்கிகளை மட்டும் செய்துவிட்டு, கைச் சிகிச்சை சார்ந்த ஆஸ்டியோபதிப் பகுதியை "கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைப்பது. அது கடைசி வாரத்தில் படிக்கிற பாடம் இல்லை. உள்ளுறுப்புக் கோளாறை உடலின் மேற்பரப்பில் காட்டும் சேப்மன் புள்ளிகள் (குடல்வாலுக்கு வலது 12-ஆவது விலா எலும்பின் நுனி), உறுப்புகளுக்கான பரிவு நரம்பு மட்டங்கள் (இதயத்துக்கு மார்பு முள்ளெலும்பு 1 முதல் 5), முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பின் திருகல் நோயறிதல், ஒரு சிகிச்சை முறையை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பது (கவுன்டர்ஸ்ட்ரெய்னில் 90 விநாடி) எல்லாம் மனப்பாடமும் கை ஞாபகமும் சேர்ந்த விஷயங்கள். தினம் 20 நிமிடம் என்று மூன்று மாதம் செய்தால் நிற்கும். மூன்று நாளில் விழுங்கினால் திரிக எலும்புக் கேள்வி வந்ததும் இடமா வலமா என்றே தெரியாது.

கே: நோயாளியைத் தொட்டுப் பார்த்துச் செய்யும் செய்முறைத் தேர்வு இப்போது உண்டா, இல்லையா?

ப: இல்லை. 2004-ல் தொடங்கிய இரண்டாம் நிலைச் செய்முறைத் தேர்வு 2020-ல் கோவிட் காரணமாக நின்றது, 2022-ல் நிரந்தரமாகக் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, மாணவருக்கு அடிப்படைக் கைத்திறன் இருக்கிறது என்று கல்லூரி டீன் சான்று அளிக்கிறார். டிரான்ஸ்கிரிப்டில் செய்முறை மதிப்பெண் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் காலத்துப் பட்டதாரி யாருக்கும் அது இருக்காது.

கே: காம்லெக்ஸோடு எம்.டி. மாணவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ.யையும் எழுத வேண்டும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உரிமத்துக்கு அது தேவையா?
(இரண்டாம் ஆண்டு மாணவி)

ப: உரிமத்துக்குத் தேவையில்லை. காம்லெக்ஸ் மூன்று நிலையும் தேறினால் எல்லா மாநிலங்களும் ஏற்கின்றன. சீனியர்கள் சொல்வது ரெசிடென்சி இடம் பிடிப்பதைப் பற்றி. போட்டி அதிகமான துறைகளில் இரண்டு தேர்வையும் பார்க்கும் ரெசிடென்சித் திட்டங்கள் உண்டு. அது வேறு கணக்கு, அதை உரிமத்தோடு கலக்காதீர்கள்.

கலப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. யு.எஸ்.எம்.எல்.இ. முதல் இரண்டு படி, பிறகு காம்லெக்ஸ் மூன்றாம் நிலை என்று பாதிக்குப் பாதி சேர்த்து ஒரு முழுத் தேர்வாகக் காட்ட முடியாது. மூன்றாம் நிலையை எழுதவே அதன் முதல் இரண்டு நிலைகளைத் தேறியிருக்க வேண்டும். வாரியங்களும் ஒரே தேர்வுத் தொடரை முழுதாக முடித்திருப்பதைத்தான் எதிர்பார்க்கின்றன. இரண்டையும் தொடங்கினாலும் ஒன்றை முடியுங்கள். டி.ஓ. மாணவருக்குப் பட்டம் வாங்கவே காம்லெக்ஸ் வேண்டும் என்பதால், முடிக்க வேண்டியது எது என்பதில் சந்தேகமே இல்லை.

கே: மூன்றாம் நிலையை எப்போது எழுதுவது நல்லது? வேலைப்பளு தாங்க முடியவில்லை, மூன்றாம் ஆண்டு வரை தள்ளிப்போடலாமா?
(ரெசிடென்ட், மிச்சிகன்)

ப: தள்ளிப்போடாதீர்கள். முதல் ஆண்டின் பிற்பாதியிலோ இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலோ முடிப்பதுதான் நாங்கள் எல்லோருக்கும் சொல்வது.

முதலில் தகுதி: பட்டம், முதல் இரண்டு நிலைத் தேர்ச்சி, ரெசிடென்சியில் இருப்பது, அதற்கு மேல் உங்கள் பயிற்சித் திட்டத்தின் தலைவரான புரோகிராம் டைரக்டர் "இவர் நல்ல நிலையில் பயிற்சியில் இருக்கிறார்" என்று தேர்வு வாரியத்துக்கு உறுதி சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் படியில்தான் வாரக்கணக்கில் தாமதமாகிறது. டைரக்டரின் மின்னஞ்சல் பெட்டியில் கோரிக்கை கிடக்கும், அவர் பார்த்திருக்க மாட்டார். தேர்வு நாள் எடுப்பதற்கு முன்பே பயிற்சித் திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

2018-ல் வந்த வடிவத்தில் இது இரண்டு நாள் தேர்வு. பலவுள் தெரிவு வினாக்களோடு, ஒரு நோயாளியின் நிலையைக் கொடுத்து அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும் முடிவெடுப்பு வினாக்களும் உண்டு. அவற்றில் தேவையில்லாத பரிசோதனையையும் சேர்த்து அள்ளிப் போட்டால் மதிப்பெண் வரும் என்று நினைப்பது தவறு. நோயாளிக்குத் தீங்காகும் முடிவு உங்களுக்கு எதிராகவே போகும். இரண்டு நாளும் அழைப்புப் பணி இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இரவுப் பணி முடித்த காலையில் போய் உட்கார்ந்தவர்கள் பாடம் தெரியாமல் தவறவில்லை, தூக்கத்தில் தவறினார்கள்.

தள்ளிப்போடுவதில் என்ன சிக்கல் என்றால், துறை குறுகக் குறுகப் பொது மருத்துவம் மறந்துபோகும். எலும்பியலில் மூன்றாம் ஆண்டில் இருப்பவருக்குக் குழந்தைக் காய்ச்சலும் மகப்பேறும் தூரத்து ஊர். அதைவிடப் பெரியது, கடைசி ஆண்டில் தவறினால் மறுமுயற்சிக்கும் முடிவுக்கும் காத்திருக்கும் வாரங்கள் வேலை சேரும் நாளைத் தாண்டிவிடும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மருத்துவமனை உரிமம் இல்லாமல் ஒரு நாளும் உங்களை நோயாளி பக்கம் விடாது.

கே: நான் நரம்பு அறுவை ரெசிடென்சியில் இருக்கிறேன், ஏழு ஆண்டு. மூன்றாம் நிலையை முதல் ஆண்டே முடித்துவிட்டேன். முடிந்தபின் ஃபுளோரிடா போக ஆசை. இப்போது செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

ப: உண்டு, நல்ல வேளை கேட்டீர்கள். ஃபுளோரிடா ஆஸ்டியோபதிச் சட்டத்தில் ஒரு ஐந்தாண்டுக் கணக்கு இருக்கிறது. தேர்வின் எல்லாப் பகுதியும் விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் தேறியிருக்க வேண்டும். அல்லது வேறு மாநிலத்தில் நடப்பு உரிமம் இருந்தால், அந்த முதல் உரிமம் தேர்ச்சி பெற்ற ஐந்து ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். பயிற்சி உரிமத்திலேயே ஏழு ஆண்டையும் ஓட்டிவிட்டு நேராக ஃபுளோரிடாவுக்குப் போனால் இரண்டு கதவும் மூடியிருக்கும். இப்போது பயிற்சியில் இருக்கும் மாநிலத்தில், தகுதி மாதங்கள் முடிந்ததும் முழு உரிமம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு டாலர் செலவு, ஆனால் ஐந்தாண்டுக் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

இதே போல எல்லாத் தேர்வுகளையும் இத்தனை ஆண்டுக்குள் முடித்திருக்க வேண்டும் என்ற வரம்பும் பல மாநிலங்களில் உண்டு. டெக்சாஸில் ஏழு ஆண்டு. படிப்பின் நடுவே ஆராய்ச்சிக்கோ முனைவர் பட்டத்துக்கோ இடைவெளி எடுத்தவர்கள் முதல் நிலை எழுதிய நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள்.

கே: ஒரு வருட இன்டர்ன்ஷிப் போதும் என்கிறார் ஒருவர், மூன்று வருடம் வேண்டும் என்கிறார் இன்னொருவர். எது சரி? முதல் ஆண்டில் எட்டு வாரம் பேறுகால விடுப்பு எடுத்தேன், அது கணக்கில் வருமா?
(ரெசிடென்ட், ஒஹாயோ)

ப: இருவரும் சரி, வேறு வேறு மாநிலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிப் பட்டதாரிக்குப் பல மாநிலங்கள் 12 மாதம் கேட்கின்றன. ஃபுளோரிடா, டெக்சாஸ், நியூயார்க் அந்த வகை. சில மாநிலங்கள் அதற்கு மேலும் கேட்கும். நெவாடாவின் ஆஸ்டியோபதி வாரியம் மூன்று ஆண்டு கேட்கிறது. 24 மாதம் முடித்து, மீதியை முடிப்பதாக உறுதி தந்தவருக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. உங்களுக்கு எந்த மாநிலத்தில் வேலை என்று தெரியாத நிலையில், மூன்று ஆண்டு என்று மனத்தில் வைத்துத் திட்டமிடுவது பாதுகாப்பு.

பழைய கட்டுரைகளில் ஃபுளோரிடா, மிச்சிகன், ஓக்லஹோமா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களுக்கு ஆஸ்டியோபதிச் சங்கம் அங்கீகரித்த தனி இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று படித்திருப்பீர்கள். அது போன காலம். 2015 முதல் 2020 ஜூன் 30 வரை நடந்த மாற்றத்தில் டி.ஓ., எம்.டி. ரெசிடென்சிகள் அனைத்தும் ஏ.சி.ஜி.எம்.இ. என்ற ஒரே அங்கீகாரத்தின்கீழ் வந்துவிட்டன.

இனி விடுப்பு. இங்கே மூன்று பேர் மூன்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மருத்துவமனையின் மனிதவளப் பிரிவு சம்பளம் தந்த நாளை எண்ணும். உங்கள் துறையின் சான்றிதழ் வாரியம் தன் விதிப்படி பயிற்சி நாளை எண்ணும். மாநில உரிம வாரியமோ புரோகிராம் டைரக்டர் படிவத்தில் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இத்தனை மாதம் கிரெடிட்" என்று எழுதுவதை எண்ணும். ஜூலை 1-ல் சேர்ந்து எட்டு வாரம் போனீர்கள், அதில் நான்கு வாரம் ஆண்டு விடுமுறையில் அடங்கியது, மீதி நான்கு வாரத்துக்குப் பயிற்சியை மருத்துவமனை நீட்டியது என்றால், உங்கள் 12 மாதம் அடுத்த ஜூன் 30-ல் முடிவதில்லை, ஜூலை கடைசியில் முடிகிறது. ஜூன் 30 என்று நம்பி ஜூலை முதல் வாரம் விண்ணப்பித்தால் படிவம் திரும்பி வரும். டைரக்டரிடம் இப்போதே ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: "முதல் ஆண்டுக்கு எனக்கு எத்தனை மாத கிரெடிட், முடிவுத் தேதி எது?" பதிலைப் பத்திரப்படுத்துங்கள். டைரக்டர்கள் மாறுவார்கள், பதிவுகள் தொலையும்.

எது கணக்கில் வராது என்பதையும் சொல்லிவிடுகிறோம். நான்காம் ஆண்டு மாணவராகச் செய்த சுற்றுப் பணி, பார்வையாளராக இருந்தது, ஆராய்ச்சி உதவியாளர் வேலை, மருத்துவரின் குறிப்பெழுத்தர் வேலை எதுவும் அனுபவம் ஆகாது. அங்கீகாரம் இல்லாத ஃபெலோஷிப்பை (ரெசிடென்சிக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) பல வாரியங்கள் எண்ணுவதில்லை. கதிரியக்கம், மயக்கவியல் போன்ற துறைகளில் முதல் ஆண்டை வேறு மருத்துவமனையில் முடித்தவர்கள் இரண்டு இடத்திலிருந்தும் தனித்தனியாகச் சரிபார்ப்பு வாங்க வேண்டும். முதல் ஆண்டு மருத்துவமனையை மறந்துவிட்டு, "நான்கு ஆண்டும் இங்கேதான்" என்று எழுதுகிறவர்கள் நிறைய.

கே: ரெசிடென்சியில் நோயாளி பார்க்கிறோமே, அது எந்த உரிமத்தில்?

ப: பெரும்பாலான மாநிலங்களில் பயிற்சி உரிமம் அல்லது பயிற்சிப் பதிவு. டெக்சாஸில் அதற்குப் பயிற்சி மருத்துவர் அனுமதி என்று பெயர். அது அந்தப் பயிற்சித் திட்டத்தின் சுவருக்குள் மட்டும் செல்லும். வார இறுதியில் வெளியே அவசரப் பிரிவில் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு பார்ப்பதற்கு அது போதாது.

கே: எல்லோரும் "போர்டு, போர்டு" என்கிறார்கள். போர்டு தேறியாச்சு, போர்டுக்கு எழுதணும், போர்டு சர்ட்டிஃபைடு... தலை சுற்றுகிறது.
(ஒரு தந்தை, டாலஸ்)

ப: மூன்று வெவ்வேறு பொருளுக்கு ஒரே சொல், அதுதான் காரணம். காம்லெக்ஸ் தேர்வை மாணவர்கள் போர்டு என்பார்கள். உரிமம் தரும் மாநில மருத்துவ வாரியமும் போர்டு. ரெசிடென்சி முடித்தபின் குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம் என்று துறைச் சான்றிதழ் தரும் அமைப்பும் போர்டு. முதல் இரண்டும் இல்லாமல் மருத்துவம் பார்க்க முடியாது. மூன்றாவது சட்டப்படி உரிமத்துக்கு நிபந்தனை இல்லை, ஆனால் மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கேட்கும்.

கே: எந்த வாரியத்துக்கு விண்ணப்பிப்பது? ஒரே மாநிலத்தில் இரண்டு இருக்கிறதே?

ப: சில மாநிலங்களில் டி.ஓ.க்களுக்குத் தனி வாரியம்: கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, அரிசோனா, மிச்சிகன், நெவாடா, ஓக்லஹோமா, பென்சில்வேனியா, வாஷிங்டன் ஆகியவை அவற்றில் சில. டெக்சாஸ், நியூயார்க், ஒஹாயோ, இல்லினாய் போன்றவற்றில் இரு பட்டத்துக்கும் ஒரே வாரியம். இரண்டு வாரியம் உள்ள மாநிலத்தில் காம்லெக்ஸ் டிரான்ஸ்கிரிப்டை எம்.டி. வாரியத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, "அனுப்பியாச்சே" என்று மாதக்கணக்கில் காத்திருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பெறுநர் பெயரில் "ஆஸ்டியோபதி" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.

மாநிலத்துக்கே உரிய சிறு நிபந்தனைகளும் உண்டு. டெக்சாஸில் மருத்துவச் சட்டம் பற்றிய தனித் தேர்வு, 75 எடுக்க வேண்டும். நியூயார்க்கில் குழந்தை வன்கொடுமையைக் கண்டறிவது பற்றிய பயிற்சியும் தொற்றுத் தடுப்புப் பயிற்சியும் வேண்டும், கட்டணம் 735 டாலர். இவை கடினமானவை இல்லை, மறந்துபோகிறவை.

கே: தேர்வெல்லாம் தேறி, பயிற்சியும் முடித்தும் விண்ணப்பம் நான்கு மாதமாக நிற்கிறது. "முழுமையாக இல்லை" என்று மட்டும் வருகிறது. எங்கே பார்ப்பது?
(புது மருத்துவர், அரிசோனா)

ப: வாரியம் நீங்கள் அனுப்பும் நகலை நம்பாது. ஒவ்வொரு தாளும் அதை உருவாக்கிய இடத்திலிருந்து நேராக வர வேண்டும்: கல்லூரியிலிருந்து பட்டச் சான்று, தேர்வு வாரியத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட், ஒவ்வொரு ரெசிடென்சியிலிருந்தும் சரிபார்ப்பு, வேறு மாநில உரிமம் இருந்தால் அந்த வாரியத்திலிருந்து சான்று. இதோடு விரல் ரேகை, குற்றப் பின்னணிச் சோதனை. பல வாரியங்கள் தேசிய மருத்துவர் தரவு வங்கியின் அறிக்கையும் கேட்கும். நீங்களே கல்லூரியிலிருந்து உறையில் வாங்கி, பிரித்துப் பார்த்து, திரும்ப ஒட்டி அனுப்பியிருந்தால் அந்த உறை குப்பைக்குப் போயிருக்கும்.

இனி சந்தேகப்பட வேண்டிய இடங்கள். பெயர் முதலில். நம் ஆட்களுக்கு இது தனிப் பிரச்சினை. கடவுச்சீட்டில் அப்பா பெயர் முதலிலும், கல்லூரியில் இனிஷியல் மட்டும், கல்யாணத்துக்குப் பிறகு வேறு குடும்பப் பெயரும் இருந்தால் வாரியத்தின் கணினிக்கு அது மூன்று ஆள். எல்லாப் பெயர்களையும் "வேறு பெயர்கள்" என்ற கட்டத்தில் எழுதி, பெயர் மாற்ற ஆவணத்தையும் சேருங்கள்.

அடுத்தது தேதி. ரெசிடென்சி ஜூலை 1 தொடக்கம் என்று நீங்கள் எழுத, அறிமுக வாரத்தைச் சேர்த்து ஜூன் 24 என்று மருத்துவமனை எழுதியிருக்கும். மனித மூளைக்கு இது ஒன்றுமில்லை, கோப்பைச் சரிபார்க்கும் எழுத்தருக்கு முரண்பாடு. மருத்துவமனை என்ன தேதி எழுதும் என்று கேட்டு அதையே நீங்களும் எழுதுங்கள். பட்டம் வாங்கிய மே மாதத்துக்கும் பயிற்சி தொடங்கிய ஜூலைக்கும் நடுவில் உள்ள வாரங்களைக்கூட "விடுமுறை, இடமாற்றம்" என்று நிரப்பிவிடுங்கள். காலி மாதம் இருந்தால் கேள்வி வரும்.

மூன்றாவது, பயிற்சிச் சரிபார்ப்புப் படிவத்தை முடிவதற்கு முன்பே அனுப்பியது. மே மாதத்தில் டைரக்டர் "முடிப்பார் என்று எதிர்பார்க்கிறோம்" என்று எழுதினால் பல வாரியங்கள் அதை முடித்ததாக ஏற்காது, ஜூன் 30-க்குப் பிறகு திரும்பக் கேட்கும்.

மாநில வாரியங்களின் கூட்டமைப்பு நடத்தும் எஃப்.சி.வி.எஸ். என்ற சான்று சரிபார்ப்புச் சேவையில் ஒருமுறை கோப்புத் திறந்தால் கல்லூரி, பயிற்சி, தேர்வு விவரங்கள் நிரந்தரமாகச் சரிபார்த்து வைக்கப்படும். முதல் உரிமத்துக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தாது, சில சமயம் கூட்டும். இரண்டாவது மாநிலத்திலிருந்துதான் அதன் அருமை தெரியும். கல்லூரியோ ரெசிடென்சித் திட்டமோ மூடப்படும் காலத்தில் அப்படி ஒரு கோப்பு இருப்பது பெரிய பாதுகாப்பு.

கே: கல்லூரியில் ஒரு பருவம் கல்விக் கண்காணிப்பில் (புரோபேஷன்) இருந்தேன். விண்ணப்பத்தில் சொல்லத்தான் வேண்டுமா? கல்லூரி "பெரிய விஷயமில்லை" என்றது.

ப: கேள்வியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். "எப்போதாவது கண்காணிப்பில் வைக்கப்பட்டதுண்டா" என்று கேட்டால் "ஆம்" என்று எழுதி, என்ன நடந்தது, எப்போது முடிந்தது, பிறகு எப்படித் தேறினீர்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். கல்லூரி தன் படிவத்தில் அதைக் குறிப்பிடும். நீங்கள் "இல்லை" என்று எழுதியிருந்தால் வாரியம் விசாரிப்பது கண்காணிப்பை அல்ல, உண்மையை மறைத்ததை. முதலாவது பெரும்பாலும் ஒரு கடிதத்தோடு முடியும். இரண்டாவது மறுப்பு வரை போகும், பிற்பாடு ஒவ்வொரு மாநிலத்திலும் "உரிமம் மறுக்கப்பட்டதுண்டா" என்ற கட்டத்துக்கு "ஆம்" போட வேண்டியிருக்கும். பழைய கைது, அபராதம், நீதிமன்றம் நீக்கிய வழக்கு இவற்றுக்கும் கேள்வியின் சொற்கள்தான் அளவு. சந்தேகமிருந்தால் உரிம வழக்குகள் பார்க்கும் வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

கே: இணைய வழி மருத்துவம் பார்க்கப் பத்து மாநில உரிமம் வேண்டும். ஒவ்வொன்றாக எழுதியே ஆக வேண்டுமா?

ப: மாநிலங்களுக்கிடையேயான மருத்துவ உரிம ஒப்பந்தம் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது, 40-க்கு மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப் பகுதிகளும் அதில் உண்டு. உறுப்பு மாநிலம் ஒன்றில் முழு உரிமம் இருந்து, நீங்கள் அங்கே வசிக்க வேண்டும், அல்லது உங்கள் பணியில் கால் பங்காவது அங்கே நடக்க வேண்டும், அல்லது வேலை தருபவர் அங்கே இருக்க வேண்டும், அல்லது வரி கட்டும் வசிப்பிடம் அதுவாக இருக்க வேண்டும். ரெசிடென்சி முடித்து, துறைச் சான்றிதழ் பெற்று, தேர்வின் ஒவ்வொரு பகுதியையும் மூன்று முயற்சிக்குள் தேறியிருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையோ குற்றப் பதிவோ கூடாது. ஒப்பந்தக் கட்டணம் 700 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலத்தின் கட்டணம் தனி. கிடைப்பது பத்துத் தனித்தனி உரிமம், பத்துக்கும் புதுப்பிக்கும் தேதி வேறு. அதற்கு ஒரு நாட்காட்டி போட்டுவிடுங்கள்.

கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் எழுத மத்தியப் போதைப்பொருள் தடுப்பு முகமையான டி.இ.ஏ.யின் பதிவு தனியாக வேண்டும், மூன்று ஆண்டுக்கு 888 டாலர். 2023 ஜூன் 27 முதல், போதைப் பழக்கச் சிகிச்சை பற்றி எட்டு மணி நேரப் பயிற்சி பெற்றதாக உறுதியும் தர வேண்டும்.

கே: குழந்தைகளுக்காக ஆறு ஆண்டு வேலையை விட்டிருந்தேன். உரிமம் காலாவதி. காம்லெக்ஸை மறுபடி எழுத வேண்டுமா?
(வாசகி, நியூஜெர்சி)

ப: வேண்டாம். தேறிய நிலையைத் திரும்ப எழுதப் பொதுவாக விடவும் மாட்டார்கள். இடைவெளிக்குப் பிறகு திரும்புபவருடைய நடப்புத் திறனைப் பார்க்க காம்வெக்ஸ் என்று வேறு தேர்வு இருக்கிறது. உங்கள் மாநில வாரியம் கேட்டால்தான் அதை எழுத முடியும், நீங்களாகப் போய்ப் பதிய முடியாது. வாரியம் அதற்குப் பதிலாக மேற்பார்வையில் சில மாதப் பணியோ, மறுநுழைவுப் பயிற்சியோ கேட்கலாம். ஆகவே முதலில் வாரியத்துக்கு எழுதி அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, பிறகு பணம் கட்டுங்கள். தொடர் கல்வி மணி நேரங்களை இப்போதே சேர்க்கத் தொடங்கலாம், அது எப்படியும் வீணாகாது.

கே: இங்கிலாந்தில் ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்றுப் பதிவு செய்த நான், அமெரிக்காவில் காம்லெக்ஸ் எழுதி டி.ஓ. ஆகலாமா? என் நண்பர் இந்தியாவில் எம்.பி.பி.எஸ்., அவருக்கு?

ப: உங்களுக்கு முடியாது. கோகா அங்கீகரித்த அமெரிக்கக் கல்லூரியின் மாணவரும் பட்டதாரியும்தான் காம்லெக்ஸ் எழுதலாம். முதலிலிருந்து அந்த நான்கு ஆண்டைப் படிக்க வேண்டும். நண்பருக்கும் டி.ஓ. வழி இல்லை, ஆனால் அவருக்கு வேறு கதவு திறந்திருக்கிறது: வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்று, யு.எஸ்.எம்.எல்.இ., பிறகு ரெசிடென்சி. வெளிநாட்டுப் பட்டதாரிக்கு மாநிலங்கள் கேட்கும் பயிற்சி மாதங்கள் பல இடங்களில் கூடுதல். அதை அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.